கையை எங்கே வைத்தீர்கள்?

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ சுவிஸிலிருந்தோ ஊருக்கு வரும் பிள்ளைகளின் பெட்டியில், சொக்லேட்டுக்கும் வாசனைத் திரவியத்துக்கும் நடுவே இப்போது இன்னொன்றும் வருகிறது: அம்மா அப்பாவுக்கு ஒரு பிரஷர் மெஷின். வெளிநாட்டில் பிள்ளை இல்லாதவர்கள் பருத்தித்துறையிலோ நெல்லியடியிலோ மருந்துக்கடையில் வாங்கிக்கொள்கிறார்கள். தும்பளை, புலோலி, அல்வாய் என்று எந்தப் பக்கம் போனாலும், முன் விறாந்தை மேசையில் பத்திரிகைக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் பக்கத்தில் அந்தச் சின்னப் பெட்டியைக் காணலாம்.

அது காட்டும் எண்ணை நம்பி வீட்டில் பெரிய முடிவுகள் எடுக்கப்படுகின்றன. 150 என்று வந்தால் அன்றைக்கு மீன் குழம்பில் உப்பு இல்லை. 118 என்று வந்தால் இரவுக் குளிசை அட்டையிலேயே கிடக்கிறது. பக்கத்து வீட்டு அன்ரியும் வந்து, நின்றபடியே கையை நீட்டி, "எனக்கும் ஒருக்காப் பாருங்கோ பிள்ளை" என்கிறார். எண் என்ன என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதை எடுக்கும்போது கை எங்கே இருந்தது, கால் எப்படி இருந்தது, வாய் பேசிக்கொண்டிருந்ததா என்று கேட்பவர்கள் அரிது. அந்த எண்ணை நம்பலாமா கூடாதா என்பது இந்தக் கேள்விகளில்தான் தங்கியிருக்கிறது.

2024 ஒக்டோபரில் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மிக எளிய ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். 133 பேரை எடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் கையை மூன்று விதமாக வைத்து இரத்த அழுத்தம் பார்த்தார்கள்: மேசையில் தாங்கலாக வைத்து ஒரு தடவை, மடியில் வைத்து ஒரு தடவை, பக்கத்தில் தொங்கவிட்டு ஒரு தடவை. மேசையில் வைத்துப் பார்த்ததைவிட மடியில் வைத்தபோது மேல் எண் சராசரியாக 3.9, கீழ் எண் 4.0 கூடுதலாக வந்தது. தொங்கவிட்டபோது மேல் எண் 6.5, கீழ் எண் 4.4 கூடியது. ஆள் மாறவில்லை, மெஷின் மாறவில்லை, நோயும் மாறவில்லை. கை இருந்த இடம் மட்டும் மாறியது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. கூரைக்கு மேல் தண்ணீர்த் தாங்கி வைத்திருக்கும் வீட்டில், மேல்மாடிக் குழாயைவிட முற்றத்துக் குழாயில் தண்ணீர் வேகமாக வருவது எல்லோருக்கும் தெரிந்தது. நம் உடம்பிலும் அதே விதிதான். இதயம் இருக்கும் உயரத்திலிருந்து கை கீழே போகப் போக, அந்த உயரத்து இரத்தத்தின் எடையும் அளவோடு சேர்ந்துவிடுகிறது. கணக்கும் எளிது: மெஷின் காட்டும் எண் பாதரச மில்லிமீற்றரில் சொல்லப்படுவது. பாதரசம் தண்ணீரைவிடப் பதின்மூன்றரை மடங்கு கனமானது, இரத்தம் தண்ணீரைவிடச் சற்றே கனமானது. ஆகவே, கை 10 சென்ரிமீற்றர் தாழ்ந்திருந்தால் ஏறக்குறைய 8 மில்லிமீற்றர் கூடுதலாகக் காட்டும். கையை இதயத்துக்கு மேலே தூக்கிப் பிடித்தால் அதே அளவு குறைத்துக் காட்டும். 132 உள்ளவரை 140 ஆக்கவும், 145 உள்ளவரை 137 ஆக்கவும் ஒரு தலையணை உயரம் போதும்.

எட்டு என்பது சின்ன எண் என்று தோன்றலாம். 2016இல் லான்செற் மருத்துவ இதழ், இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் சிகிச்சை பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டிய கணக்கொன்றை வெளியிட்டது. மேல் எண்ணை 10 மி.மீ. குறைத்தால் பாரிசவாதம் வரும் ஆபத்து நான்கில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகக் குறைகிறது. இதயம் செயலிழக்கும் ஆபத்தும் அதே அளவு குறைகிறது. உயிரைக் காப்பாற்றும் அளவும், கை வைத்த இடத்தால் வரும் பிழையின் அளவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. பிழையோடு எடுத்த எண்ணை வைத்து வைத்தியர் மருந்தைக் கூட்டினால், தேவையில்லாத குளிசையால் தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறியலாம். குறைத்தால் வரக்கூடியது அதைவிடப் பெரிது.

சத்தம் போடாத வருத்தம்

இலங்கையில் 2021இல் நாடளாவிய ரீதியில் நடத்தப்பட்ட தொற்றா நோய்க் கணக்கெடுப்பின்படி வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருக்கிறது. உலக அளவில் 30 முதல் 79 வயதுக்குள் 128 கோடிப் பேருக்கு இது இருப்பதாக அதே ஆண்டில் வெளியான மதிப்பீடு சொல்கிறது. அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது.

தெரியாமல் இருப்பதற்குக் காரணம், இந்த வருத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. வடமராட்சியில் அடிக்கடி கேட்கும் பேச்சு, "தலை சுத்தினாத்தான் பாக்கிறனான், மற்றும்படி எனக்கு ஒண்டும் இல்லை." பின்கழுத்து இழுத்தால் பிரஷர், கோபம் வந்தால் பிரஷர், தலையிடித்தால் பிரஷர் என்று மெஷினைத் தேடுகிறார்கள். அறிகுறி வந்த நேரத்தில் பார்த்தால் அந்தப் பதற்றமே எண்ணை ஏற்றிவிடும். ஒன்றுமில்லாத சாதாரண நாட்களில், ஒரே நேரத்தில், ஒரே முறையில் பார்ப்பதுதான் பயன் தரும்.

1944 மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதி பிராங்ளின் ரூஸ்வெல்ற்றைப் பரிசோதித்த இதய வைத்தியர் ஹொவார்ட் புறூயன் 186/108 என்று குறித்தார். 1945 ஏப்ரல் 12ஆம் திகதி மூளையில் இரத்தம் கசிந்து ரூஸ்வெல்ற் இறந்த நாளில் அது 300/190. உலகின் மிகச் சக்திவாய்ந்த மனிதருக்குக் கொடுக்கவே அன்று சரியான மருந்து இருக்கவில்லை. இன்று அம்லோடிப்பினும் லொசார்ட்டனும் நம் அரச வைத்தியசாலைக் கிளினிக்குகளில் காசில்லாமல் கிடைக்கின்றன. மருந்து கிடைக்கும் காலத்தில், அளவை ஒழுங்காக எடுக்காமல் விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

மந்திகைக்குப் போகும் காலை

பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை மந்திகையில் இருக்கிறது. கற்கோவளத்திலிருந்தோ வல்லிபுரத்துப் பக்கமிருந்தோ கிளினிக்குக்கு வருபவர் விடியவே எழும்ப வேண்டும். பஸ் பிடிக்க வேண்டும், இலக்கம் எடுக்க வேண்டும், வாங்கில் காத்திருக்க வேண்டும். வீட்டில் பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியாயிற்றா என்ற யோசனை வேறு. இவ்வளவுக்கும் பிறகு கையில் பட்டி சுற்றப்படுகிறது. வரும் எண் பொய்யல்ல. அந்த நிமிடத்தில் உடம்பில் இருந்த அழுத்தம் அதுதான். ஆனால் அந்த மனிதர் வருடத்தின் மற்ற நாட்களில் வாழும் அழுத்தம் அதுவாக இருக்க வேண்டியதில்லை.

உலகில் எந்த வைத்தியசாலையிலும் இப்படித்தான். வைத்தியர் முன்னால் உயர்ந்த எண் காட்டுபவர்களில் நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது பேர் வரை வீட்டில் சாதாரண அளவோடு இருக்கிறார்கள். மருத்துவ உலகம் இதை வெள்ளை அங்கி விளைவு என்கிறது. மறுபுறமும் உண்டு, அதுவே அதிக ஆபத்து: கிளினிக்கில் 128, வீட்டில் நாள் முழுக்க 145. இவர்களை வைத்தியசாலை அளவு மட்டும் கண்டுபிடிக்காது. வீட்டில் பார்த்தால்தான் தெரியும்.

இதை உலகுக்கு நிரூபித்தது ஒரு பெரிய நகரமல்ல. ஜப்பானின் இவாத்தே மாகாணத்தில் ஒஹாசாமா என்றொரு கிராமப்புற ஊர். 1980களின் பிற்பகுதியில் தொஹொக்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யுத்தாக்கா இமாயும் அவருடைய குழுவினரும் அந்த ஊர்க்காரரின் வீடுகளுக்கு அளக்கும் கருவிகளைக் கொடுத்தார்கள். தாங்களே அளந்து எழுதி வைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து, யாருக்குப் பாரிசவாதம் வந்தது, யார் இறந்தார்கள் என்று பதிந்தார்கள். விவசாயிகளும் இல்லத்தரசிகளும் வீட்டில் எடுத்த எண்கள், மருத்துவப் பரிசோதனையில் எடுத்த எண்ணைவிடச் சரியாக எதிர்காலத்தைச் சொல்லின. வீட்டில் 135/85 என்பது எல்லைக்கோடு என்று இன்று உலகம் வைத்திருப்பதற்கு அந்த ஊரின் கொப்பிகளும் ஒரு காரணம்.

நம் பிராந்தியத்திலும் ஒரு நல்ல சான்று இருக்கிறது. பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளிலும் 30 கிராமப்புறச் சமூகங்களில் 2,645 பேரை வைத்து நடந்த கோப்ரா ஆய்வின் முடிவு 2020இல் வெளியானது. கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்கள் டிஜிற்றல் மெஷினோடு வீடு வீடாகப் போனார்கள், அளந்தார்கள், அறிவுரை சொன்னார்கள், உயர்வாக இருந்தவர்களை வைத்தியரிடம் அனுப்பினார்கள். இரண்டு ஆண்டு முடிவில் அந்தச் சமூகங்களில் மேல் எண் சராசரியாக 9 மி.மீ. குறைந்தது. வழமையான சேவை மட்டும் பெற்ற இடங்களில் 3.9 குறைந்தது. தமிழ்நாட்டில் 2021 ஓகஸ்ட் 5ஆம் திகதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டமும், அழுத்தத்தையும் சலரோகத்தையும் வீட்டு வாசலில் பார்ப்பதையே அடிப்படையாகக் கொண்டது. அளவு வைத்தியசாலைச் சுவருக்கு வெளியே வந்துவிட்டது. இனித் திரும்பிப் போகாது.

குதிரையிலிருந்து பட்டி வரை

முதன்முதலில் இரத்த அழுத்தத்தை அளந்து எழுதியவர் ஒரு பாதிரியார். இங்கிலாந்தின் ஸ்ரீபன் ஹேல்ஸ் ஒரு குதிரையின் நாடிக்குழாயில் நீண்ட கண்ணாடிக் குழாயைச் செருகினார், இரத்தம் எட்டடிக்கு மேல் ஏறி நின்றது. 1733இல் அதை நூலாக வெளியிட்டார். மனிதருக்கு இது உதவாது. மேற்கையில் காற்றுப்பட்டி சுற்றி, பாதரசத் தம்பத்தில் பார்க்கும் முறையை இத்தாலியரான சிப்பியோனே ரிவா-ரொச்சி 1896இல் கொண்டுவந்தார். பட்டிக்குக் கீழே காதுக்குழாய் வைத்துச் சத்தம் கேட்டு, மேல் எண்ணும் கீழ் எண்ணும் பிரித்தறியலாம் என்று ரஷ்ய அறுவை வைத்தியர் நிக்கொலாய் கொரொட்கொவ் 1905இல் அறிவித்தார்.

மானிப்பாயில் மருத்துவக் கல்வி தொடங்கி, மேலை மருத்துவ நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1884இல் மறைந்தார். அவர் உருவாக்கிய தமிழ் வைத்தியர்களின் கையில் இந்தக் கருவி இருக்கவில்லை. இன்று நம் அம்மாமார் விறாந்தையில் இருந்து செய்வதை அவர்களால் செய்ய முடியவில்லை.

பாதரசக் கருவி மெல்ல விடைபெறுகிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை, இந்தக் கருவியின் உற்பத்திக்கும் வணிகத்துக்கும் 2020ஐ எல்லையாக வைத்தது. அந்த இடத்துக்கு வந்த டிஜிற்றல் மெஷின் சத்தம் கேட்பதில்லை. பட்டி தளரும்போது நாடித்துடிப்பால் எழும் சிறு அதிர்வுகளைப் பிடிக்கிறது. அதிர்வு உச்சத்தில் இருக்கும் இடம் சராசரி அழுத்தம். அதிலிருந்து மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் ஒரு சூத்திரத்தால் கணித்துச் சொல்கிறது. அந்தச் சூத்திரம் ஒவ்வொரு கொம்பனிக்கும் வேறு, வெளியே சொல்லப்படுவதும் இல்லை. ஆகவே, கணக்குச் சரியா என்று மனிதர்களை வைத்துச் சோதித்த மெஷினையே வாங்க வேண்டும். 2018இல் வகுக்கப்பட்ட சர்வதேசத் தரத்தின்படி குறைந்தது 85 பேரில் சோதித்து, சராசரி வித்தியாசம் 5 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அப்படித் தேறிய மொடல்களின் பட்டியலை ஸ்ரைட் பிபி என்ற சர்வதேச அமைப்பு இணையத்தில் எல்லோருக்கும் வைத்திருக்கிறது. பெட்டியில் இருக்கும் பெயரையும் மொடல் இலக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். விலையோ, புளூடூத் வசதியோ, திரையின் வண்ணமோ இந்தச் சோதனைக்கு ஈடாகாது.

மணிக்கட்டில் கட்டும் மெஷின் வேண்டாம். கை ஒரு சாண் இறங்கினாலே அது ஏமாறும். விரலில் மாட்டுவதும் வேண்டாம். பட்டியில்லாத கைக்கடிகாரத்தை வைத்துச் சிகிச்சை முடிவு எடுப்பதை ஐரோப்பிய உயர் இரத்த அழுத்தச் சங்கம் பரிந்துரைக்கவில்லை. போன் செயலிகள் இன்னும் மோசம். 2014இல் வந்த ஒரு செயலி லட்சக்கணக்கில் விற்றது. 2016இல் ஆய்வாளர்கள் அதைச் சோதித்தபோது, உண்மையில் உயர் அழுத்தம் உள்ளவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேலானோருக்கு அது சாதாரண அளவு என்று சொல்லியது தெரியவந்தது. எத்தனை பேர் அதை நம்பி மருந்தை விட்டார்களோ.

பட்டியின் அளவு தனியாகச் சொல்ல வேண்டிய விடயம், ஏனென்றால் பிழைகளிலேயே பெரியது இதுதான். 2023இல் அதே ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் குழு 195 பேரில் செய்த சோதனையில், மிகப் பெரிய பட்டி தேவைப்பட்ட பருமனான கைக்காரருக்குச் சாதாரணப் பட்டி கட்டியபோது மேல் எண் 124இலிருந்து 144க்குத் தாவியது. இருபது மில்லிமீற்றர்! இல்லாத வருத்தத்துக்கு ஆயுள் முழுக்கக் குளிசை குடிக்க அதுவே போதும். மெலிந்த கைக்குப் பெரிய பட்டி கட்டினால் மறுபுறமாக மூன்று நான்கு குறையும். தோள்பட்டைக்கும் முழங்கைக்கும் நடுவில் தையல் அளவுநாடாவால் சுற்றளவைப் பாருங்கள். பல மெஷின்களோடு வரும் சாதாரணப் பட்டி 22 முதல் 32 சென்ரிமீற்றர் கைக்கு உரியது. எந்த அளவுக்கு என்று பட்டியிலேயே அச்சடித்திருக்கும். வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்பும் பிள்ளைகள் இந்த ஓர் எண்ணை அம்மாவிடம் கேட்டுவிட்டுக் கடைக்குப் போக வேண்டும். கனடாவின் மின்சாரம் 120 வோல்ற், நம்முடையது 230 என்பதையும் மறக்கக் கூடாது. அங்கிருந்து வரும் அடப்ரரை அப்படியே செருகாமல் பற்றரியில் பாவிப்பதே நல்லது. மருந்துக்கடைக்காரருக்கும் ஒரு வேண்டுகோள்: பெரிய பட்டியையும் வாங்கி வையுங்கள். மெஷின் கேட்டு வருபவரின் கையை ஒரு தடவை அளந்துவிட்டு விற்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

காலை, தேத்தண்ணீருக்கு முன்

எழும்பி ஒரு மணித்தியாலத்துக்குள், சலம் போய்விட்டு வந்து, தேத்தண்ணீருக்கும் காலைக் குளிசைக்கும் முன்னால். இதுதான் காலை அளவின் நேரம். நிரம்பிய சலப்பை மட்டுமே பத்து மி.மீ. வரை ஏற்றக்கூடும். கோப்பியும் தேத்தண்ணீரும் ஏற்றும். சுருட்டும் ஏற்றும், வெற்றிலையோடு போடும் புகையிலையும் ஏற்றும். இவை எதுவும் அதற்கு முன்னான அரை மணித்தியாலத்தில் கூடாது. கிணற்றடியில் குளித்துவிட்டு வந்தாலும், முற்றம் கூட்டிவிட்டு வந்தாலும் அதே அரை மணித்தியாலம் பொறுக்க வேண்டும்.

சாய்மனைக் கதிரை இதற்கு ஆகாது. முதுகு நேராகச் சாயக்கூடிய சாப்பாட்டு மேசைக் கதிரையே சரி. முதுகு தாங்கலில்லாமல் முக்காலியில் இருந்தால் கீழ் எண் ஐந்தாறு கூடும். இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். காலுக்கு மேல் கால் போட்டிருந்தால் எட்டு வரை கூடலாம். கட்டை ஆட்களுக்குப் பாதம் எட்டாவிட்டால் ஒரு பலகைக்கட்டை வைத்துக்கொள்ளலாம். மேசை பெரும்பாலும் இதயத்தைவிடத் தாழ்வாகவே இருக்கும். ஆகவே முழங்கைக்குக் கீழே மடித்த துவாயோ சின்னத் தலையணையோ வைத்து, பட்டியின் நடுப்பகுதி நெஞ்சின் நடு உயரத்துக்கு வரும்படி பாருங்கள். கையைத் தானே பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது, தளர்வாகக் கிடக்க வேண்டும்.

பட்டி வெறும் தோலில் இருக்க வேண்டும். நம் பெண்கள் பலர் இறுக்கமான சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றிவிட்டு அதற்குக் கீழே பட்டியைக் கட்டுகிறார்கள். சுருட்டிய துணியே கையை இறுக்கிக் கட்டிவிடுகிறது. தளர்வான கையுள்ள வீட்டுச் சட்டையில் பார்ப்பது மேல். பட்டியின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்பிலிருந்து இரண்டு மூன்று சென்ரிமீற்றர் மேலே இருக்கட்டும். குழாய் உட்பக்கமாகக் கை நீளத்துக்கு வரட்டும். பட்டிக்கும் தோலுக்கும் இடையே விரல் நுழையும் அளவு இறுக்கம் போதும்.

பிறகு ஐந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும்.

அதுதான் எல்லாவற்றிலும் கடினம். ரேடியோ வேண்டாம், தொலைபேசி வேண்டாம், ரொறன்ரோ மகளோடு வட்ஸப்பும் வேண்டாம். அளக்கும்போது பேசினால் பத்து வரை கூடும். "எவ்வளவு காட்டுது?" என்று அறைக்குள்ளிருந்து கேட்பவரும் பொறுக்க வேண்டும், பதில் சொல்பவரும் பொறுக்க வேண்டும். ஐந்து நிமிடத்தின் பின் ஒரு தடவை, ஒரு நிமிடம் விட்டு இன்னொரு தடவை. இரண்டையும் எழுதுங்கள். மூன்றாவதும் நான்காவதும் வேண்டாம். எண் கூடிவிட்டதே என்று பயந்து திரும்பத் திரும்ப அமத்துபவர் பார்ப்பது இரத்த அழுத்தத்தையல்ல, தன் பயத்தை.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் அல்லது படுக்கப் போகுமுன் இதே ஒழுங்கில் இன்னும் இரண்டு.

முதல் நாள் மட்டும் இரண்டு கையிலும் பாருங்கள். 10க்கு மேல் வித்தியாசம் தொடர்ந்து வந்தால், கூடிய கையையே எப்போதும் பாவியுங்கள். 20 வரை போனால் வைத்தியரிடம் அவசியம் சொல்லுங்கள். அது இரத்தக் குழாயில் அடைப்பின் அடையாளமாகவும் இருக்கலாம். சிறுநீரக வருத்தத்துக்கு இரத்தச் சுத்திகரிப்பு செய்வதற்காகக் கையில் குழாய் இணைப்புப் போட்டவர்கள் அந்தக் கையில் ஒருபோதும் பட்டி கட்டக் கூடாது.

ஏழு நாள் கொப்பி

கிளினிக் திகதிக்கு முந்திய ஏழு நாள். காலை இரண்டு, மாலை இரண்டு. மொத்தம் 28 அளவு. முதல் நாள் நான்கையும் வெட்டிவிடுங்கள், புது வேலை என்ற பதற்றத்தில் அவை பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். மிச்சம் 24. மேல் எண்களைக் கூட்டி 24ஆல் பிரியுங்கள், கீழ் எண்களையும் அப்படியே. அந்தச் சராசரி 135/85ஐ எட்டினால் அல்லது தாண்டினால் உயர் அழுத்தம் என்று ஐரோப்பிய வழிகாட்டல் கொள்கிறது. கிளினிக்கில் 140/90க்கு அது சமம். அமெரிக்கச் சங்கங்கள் 2017இல் எல்லையை 130/80க்கு இறக்கின. சலரோகமோ சிறுநீரக வருத்தமோ உள்ளவருக்கு எந்த எல்லை என்று அவருடைய வைத்தியர்தான் சொல்ல வேண்டும். ஏழு நாள் முடியாதவர் மூன்று நாளாவது எடுக்கலாம்.

கொப்பியில் இரண்டு நேர்மை தேவை. ஒன்று, 137ஐ 140 என்றோ 135 என்றோ எழுதக் கூடாது. பழைய பாதரசக் கருவிக் காலத்தில் உலகெங்கும் பதிவேடுகளில் பூச்சியத்தில் முடியும் எண்கள் அளவுக்கு மிஞ்சி இருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். காரணம் மனிதக் கை. டிஜிற்றல் மெஷின் காட்டுவதை அப்படியே எழுதினால் அந்தப் பிழை இல்லை. இரண்டாவது, பிடிக்காத எண்ணை விடக் கூடாது. வைத்தியரிடம் நல்ல பெயர் வாங்கக் கூடிய எண்களை மட்டும் எழுதிக்கொண்டு போனால், அந்தக் கொப்பியால் பயனில்லை. நினைவகம் உள்ள மெஷின் இதற்கு உதவும், ஆனால் வீட்டில் இரண்டு பேர் பாவித்தால் நினைவகமும் குழம்பிவிடும்.

வீட்டில் அளப்பவர்களின் எண்ணை நம்பி வைத்தியர் மருந்தை மாற்றினால் நன்மை உண்டா என்று இங்கிலாந்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோரில் சோதித்தார்கள். 2018இல் லான்செற்றில் வெளியான அந்த ஆய்வில், ஓராண்டு முடிவில் வழமையான சிகிச்சையில் இருந்தவர்களைவிட வீட்டில் அளந்தவர்களின் மேல் எண் 3.5 குறைவாக இருந்தது. அளவைத் தொலைபேசியில் அனுப்பியவர்களுக்கு 4.7 குறைவு. கவனிக்க வேண்டியது: மருந்தை மாற்றியது வைத்தியர். ஒரு நாள் 118 வந்ததென்று தாமாகக் குளிசையை நிறுத்துவது அந்த ஆய்வில் இல்லை. 118 என்பது பெரும்பாலும் குளிசை வேலை செய்கிறது என்பதற்கான சான்று. நிறுத்தினால் ஏறும். மேல் எண் அடிக்கடி 100க்குக் கீழே போய், எழும்பும்போது தலை சுற்றினால் வைத்தியரிடம் சொல்லுங்கள். அளவை மாற்றுவது அவர் வேலை.

2020இல் கொரோனா ஊரடங்கில் கிளினிக் மருந்துகள் தபாலில் வீட்டுக்கு வந்தன. 2022இல் எரிபொருளும் மருந்தும் தட்டுப்பட்டபோது மந்திகைக்குப் போவதே பெரும்பாடாக இருந்தது. அந்த மாதங்களில் ஒரு கொப்பியும் சரியாகப் பாவித்த மெஷினும் வைத்திருந்தவருக்குத் தன் நிலை தெரிந்தது. மற்றவர் ஊகத்தில் இருந்தார்.

சிலருக்கு இந்த மெஷின் முழுமையாகப் பொருந்தாது. நாடி ஒழுங்கில்லாமல் துடிப்பவர்களில் அதிர்வைக் கொண்டு கணிக்கும் கணக்குத் தடுமாறும். அவர்களுக்கு மூன்று தடவை எடுத்துச் சராசரி பார்ப்பது நல்லது. கர்ப்பிணிகளுக்கு, கர்ப்பிணிகளிலேயே சோதித்துத் தேறிய மொடல் வேண்டும். அவர்களில் 140/90 என்பது கிளினிக் நாள் வரை காத்திருக்கும் விடயமல்ல. கடும் தலையிடி, கண் மங்கல், மேல்வயிற்று நோ சேர்ந்தால் உடனே வைத்தியசாலை.

மற்றவர்களிலும் 180/120ஐத் தாண்டினால், ஐந்து நிமிடம் அமைதியாக இருந்து திரும்பப் பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் அன்றே வைத்தியரைக் காணுங்கள். அதோடு நெஞ்சு நோ, மூச்சு முட்டல், வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் சோர்வு, பேச்சுக் குழறல் ஏதாவது இருந்தால் திரும்ப அளந்துகொண்டு நேரத்தை வீணாக்கக் கூடாது. 1990க்கு அழையுங்கள். அந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. இந்த அறிகுறிகள் இருந்தால் மெஷின் 130 காட்டினாலும் அழைக்கத்தான் வேண்டும்.

மெஷின் பிழைக்கும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும். பட்டியில் காற்றுக் கசியும், பற்றரி தளரும், பருத்தித்துறை போன்ற கடற்கரை ஊரில் உப்புக்காற்றுப் பற்றரி முனைகளில் ஏறும். ஆகவே அடுத்த கிளினிக் நாளில் கொப்பியோடு மெஷினையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை போதும். தாதி அளக்கும் அதே கையில், அதே கதிரையில், ஒரு நிமிடம் விட்டு உங்கள் மெஷினிலும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். 5க்குள் வித்தியாசம் என்றால் தொடர்ந்து பாவிக்கலாம். 6 முதல் 10 என்றால் இன்னொரு தடவை சரிபாருங்கள். 10ஐத் தாண்டினால் வேறு மெஷின் வாங்குங்கள்.